தைலம் பூசிய கிட்டார்

நீலகிரித் தைலத்தின் நெடி எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கு அது சளிக்கும் தலைவலிக்கும் மருந்து. எனக்கு அது நாசமாய்ப் போன ஒரு நல்ல கிட்டார்.

எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், பெங்களூரில் வேலையிலிருந்த மாமா, கம்பித் தந்தி பூட்டிய உயர்ந்த மரக் கிட்டார் ஒன்றை எனக்கென்றே வாங்கி வந்தார். தேவாலயப் பாடகர் குழுவின் ஓட்டைக் கிட்டாரில் பழகியிருந்த நான் ஒருமுறை மீட்டியதும், அடித்த சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்ததில் அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. ஆனால் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு அது வாத்தியமே அல்ல, 'சாமான்'. விலையைக் கேட்ட கையோடு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விருந்தாளி வந்தால் மட்டும் கிட்டார் வெளியே வரும், நான் ஒரு பாட்டு வாசிப்பதற்குள் அவர் விலையைச் சொல்லி முடித்திருப்பார், மறுபடி பெட்டிதான். "கைபடாம வெச்சாத்தான் கண்ணு, பொருளு பொருளா இருக்கும்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

ஐப்பசி மழையில் பூட்டிய பெட்டிக்குள் பூசணம் பூத்தது. வெளியே வைத்துத் தினமும் வாசித்தால் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். எங்கள் மலையில் மூட்டுவலிக்கும் தைலம், மூட்டைப்பூச்சிக்கும் தைலம். அப்பா கிட்டாருக்கும் அதையே கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் வாசிக்க வேண்டிய வாரம் அது. ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் முன்னால் பளபளக்க வேண்டுமென்று துணியை நனைத்து நனைத்துத் தேய்த்தார். வார்னிஷ் கரைந்து பிசினாகி, துணியின் நூலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. அது காயட்டும் என்று கரி கணகணக்கும் கணப்பின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். காலையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை பாதி பெயர்ந்து நின்றது. மார்கழிக் குளிரில், என் கை வேர்வைதான் காரணம் என்று அப்பா வீடு முழுக்கச் சொன்னார். ஆராதனையில் வேறொருத்தி வாசித்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தந்தி அழுத்தி என் விரல் நுனிகளில் விழுந்திருந்த காய்ப்பு என்றைக்கோ மறைந்துவிட்டது. கிட்டார் மட்டும், தச்சரை விட்டுத் திருகாணி அடித்து, தந்தியோடு சேர்த்துப் பழுப்புப் பெயிண்ட் பூசி, ஹால் சுவரில் தொங்குகிறது. வந்திருந்தவர்களின் சின்ன மகள் எம்பி அதைத் தொடப் பார்த்தாள்.

"தொடாத கண்ணு. அது எங்க பாப்பாவோடது" என்றார் அப்பா.

என்னுடையதாம். அவர் வாயால் அதை முதல் தடவையாகக் கேட்கிறேன். கிட்டாரைக் கழற்றி அந்தச் சிறுமியின் மடியில் வைத்தேன். அவள் ஆசையாக ஒரு தந்தியை இழுத்தாள். 'டொக்' என்றது. இன்னொன்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதுல பாட்டு வராதுங்களா அக்கா?" என்று கேட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.