மாமியின் குரலும் என்னுடைய பெட்டியும்

மாமி மைக்கை உள்ளங்கையால் மூடிய அந்தக் கணம்தான் எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. பெரிய வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி தாண்டியிருக்கும். கோயில் நிறையச் சனம். வெளியே காற்று பனைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. புலம்பலின் நான்காவது அடியில், ராகத்தை இழுத்து மேலே கொண்டுபோகும் இடத்தில், மாமி நிறுத்தினார். இருமல் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ மைக்கை மூடியபடியே பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தாளைக் கொடுத்து, எந்த அடி என்று விரலால் காட்டிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்வாங்கில் போய் உட்கார்ந்தார். பிறகு அவர் அந்தக் கோயிலில் பாடவேயில்லை. நான் பக்கச் சுவரோரம், ஒலிபெருக்கிக் கருவிகள் இருக்கும் என்னுடைய இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அலுமாரிக்குள் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

மாமி என்றால் என் மனைவியின் தாய். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழமை. அப்படிப் பதினொரு வருடம் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவன் நான். ஆனாலும் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு பின்னேரத்துக்குக் காணாது. நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருக்கும்போதே, “தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடவோ எண்டு கேள் பிள்ளை” என்று மகளிடம் சொல்வார். நானும் மனைவியைப் பார்த்தே “காணும் எண்டு சொல்லும்” என்பேன். மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, “நான் என்ன மொழிபெயர்க்கிற ஆளோ?” என்று சிரிப்பாள். அது கோபமோ பகையோ இல்லை. மருமகன் என்றால் ஒரு மரியாதை, அவ்வளவுதான். மீன் சினையைப் பொரித்தால் பெரிய துண்டு எனக்குத்தான் வரும். அதை வைத்துவிட்டு அவர் குசினிக்குள் போய்விடுவார்.

தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் இயேசு ஆண்டவரின் சிலுவைப்பாடுகளைப் புலம்பலாகப் பாடுவார்கள். மகனின் உடலை மடியில் வாங்கிய மாதா அழும் பகுதி மாமிக்கு உரியது. முப்பது வருடத்துக்கு மேல் அவர்தான் பாடினார். கடலில் தொலைந்தவர்களுக்காகவும், சண்டையில் தொலைந்தவர்களுக்காகவும் அழவேண்டிய ஊர் அது. வருடம் முழுவதும் அடக்கி வைத்ததை அந்த அரை மணி நேரத்தில்தான் பெண்கள் அழுது தீர்த்தார்கள். மாமி ஒரு சொல்லைப் பிடித்தாரென்றால் அதை விடமாட்டார். ஒரே சுருதியில், நடுக்கம் இல்லாமல், மூச்சு முடியும்வரை நிற்கும் அந்தக் குரல். பின் வாங்கில் இருக்கும் ஆண்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். தவக்காலம் முடிந்தால் அதில் ஒரு வரியைக்கூட அவர் முணுமுணுக்க மாட்டார். புலம்பலைக் காலமில்லாத காலத்தில் வாயில் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவருடைய எண்ணம்.

நான் ஒலிபெருக்கி வேலை செய்பவன். பழைய செட்டில் எங்கள் கோயில் மைக் எந்நேரமும் ஊளையிடும். பாதர் பிரசங்கத்தில் குரலை உயர்த்தினாலே ‘கூ’ என்று கத்தும், கைப்பிள்ளைகள் வீரிட்டு அழும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் புதிய செட் ஒன்று வாங்கிக் கொடுக்க முன்வந்தபோது, எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். நான் கணினியோடு இணைத்துச் சரிசெய்யும் ஒரு பெட்டியைத் தெரிவுசெய்தேன். ஊளையைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டிவிடும் பெட்டி. அதன் வேலை எளிமையானது. வருகிற ஒலியைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஒரு சுருதி மட்டும் தனித்து, விடாமல் நீண்டு நின்றால், அதுதான் ஊளை என்று முடிவுசெய்து அந்தச் சுருதியை மட்டும் நறுக்கிவிடும். திரையில் நேராகப் போகும் கோட்டில் ஒரு சின்னக் குழி விழும், கூச்சல் நின்றுவிடும். முதல் ஞாயிறு பாதர் மைக்குக்குக் கிட்டே போய் வேண்டுமென்றே கத்திப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. சனம் கைதட்டியது. மாமி தட்டவில்லை, ஆனால் மனைவியிடம் “தம்பி கெட்டிக்காரன்தான்” என்று சொன்னாராம். அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடப் பெரிய வெள்ளியில் மாமியின் குரல் தேய்ந்தது. தொடங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. போகப்போக, அவர் நீட்டுகிற இடத்திலெல்லாம் குரல் மெலிந்து, யாரோ வாயைப் பொத்தியதுபோல் உள்ளே போனது. அவர் இன்னும் பலமாகப் பாடினார். இன்னும் மோசமாகப் போனது. அடுத்த நாளே நான் கருவிகளோடு கோயிலுக்குப் போனேன். உப்புக்காற்று தின்றிருக்குமோ என்று ஒவ்வொரு வயர் முனையையும் கழற்றித் துடைத்தேன். மைக்கை மாற்றினேன். மடிக்கணினியைப் பூட்டி, சோதனை இரைச்சலை ஓடவிட்டு அளந்தேன். கோடு மேசை விளிம்புபோல் நேராக இருந்தது. “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று நானே பேசிப் பார்த்தேன். பாட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மாமியைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லியும் பார்த்தேன், மனைவி மூலமாகத்தான். பெரிய வெள்ளி முடிந்துவிட்டது, இனிப் புலம்பலைப் பாட மாட்டேன் என்று ஒரு சாதாரண மாதா பாட்டைப் பாடினார். குறுகிய சொற்கள், துள்ளி ஓடும் ராகம். மணிபோல் கேட்டது. “அப்ப பெட்டியில பிழை இல்லை, தம்பி?” என்று என்னைப் பார்த்தே கேட்டார். “இல்லை மாமி” என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்த வழிபாடு முடிந்தாலும் கோயில் பார்க்கும் ஐயா மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார் என்பதும், அணைத்தால் அந்தப் பெட்டி தானாகப் போட்ட வெட்டுகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்த விடயங்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த வருடம்தான் அவர் மைக்கை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அன்று கோயில் வாசலில் இரண்டு மூன்று பேர், “இந்தப் புதுப் பெட்டியிலதான் என்னவோ கோளாறு. பழைய செட்டில அவ எப்பிடிப் பாடினவ!” என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றேன். மாமி படியால் இறங்கி வந்தவர் நின்று, “பெட்டியில ஒரு பிழையும் இல்லை. எனக்கு வயது போட்டுது. தொண்டை அடைச்சுப்போச்சு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. இன்றைக்கும் என்னை அருவருக்க வைப்பது அந்த நிம்மதிதான். அதன்பிறகு வீட்டிலும் அவருடைய பாட்டு நின்றுபோனது. மீன் கழுவும்போது ஏதாவது ஒன்றை முனகிக்கொண்டிருப்பார், அதுவும் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

அதற்கு ஐந்தாறு மாதம் பிந்தி, முசலிப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலுக்கு அதே வகைப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார் மெலிந்த மனிதர். என்னைக் கண்டதும், “என்ட தொண்டையில ஒண்டும் இல்ல தம்பி. இருவது வருசமா பாங்கு சொல்றன், என்ட சத்தம் எனக்குத் தெரியும். உங்கட மெசின்தான் விழுங்குது” என்றார். நான் வயரைச் சோதிக்கப் போனேன். “அதெல்லாம் பொறகு பாருங்க. அஸர் தொழுகைக்கு நேரம் வருது. நான் பாங்கு சொல்லி முடியுமட்டும் அந்த லப்டொப்ப விட்டுக் கண்ண எடுக்காதீங்க” என்று என்னை இருத்திவிட்டு மைக்குக்கு முன்னால் போனார். அவர் முதல் நீட்டலை நீட்டினார். திரையில் கோட்டில் ஒரு குழி விழுந்தது. அடுத்த நீட்டலுக்கு இன்னொன்று. பாங்கு முடிவதற்குள் அந்தக் கோடு பல்லுப்போன சீப்பாகிவிட்டது. பெட்டிக்குக் காது இருக்கிறது, புத்தி இல்லை. நீண்டு நிற்கும் மனிதக் குரலையும் மைக்கின் ஊளையையும் அது ஒன்றாகத்தான் எண்ணும். நடுங்காமல் சுத்தமாகப் பாடுகிறவரைத்தான் அது முதலில் வெட்டும். மாமியின் குரலில் குறை வந்ததால் அல்ல, குறையே இல்லாததால்தான் அது அறுபட்டது. மோதினார் வந்து தோளில் தட்டி, “என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கிறீங்க?” என்று கேட்டார்.

தானியங்கி வெட்டை நிறுத்த இரண்டு நிமிடம் போதும். பள்ளிவாசலில் நிறுத்தினேன். வருகிற வழியிலேயே எங்கள் கோயிலைத் திறக்கச் சொல்லி அங்கேயும் நிறுத்தினேன், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல். வீட்டுக்கு வந்தபோது மாமி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரேயொரு வசனம்: மாமி, பிழை உங்களில் இல்லை, என்னில். சொல்லவில்லை. அடம்பன் பக்கத்தில் ஒரு கோயில்காரர் அப்போதுதான் என் பெயரைக் கேள்விப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருடம் ஊர் முன்னால் இந்த மனிசியை நான் அவமானப்படுத்தினேன் என்று தெரிந்தால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? அதனால் சுற்றி வளைத்து, “செட்டை இன்னும் நல்லாத் திருத்தியிருக்கிறன், மாமி. வாற தவக்காலம் நீங்கள் பாடுங்கோ” என்றேன். நான் நேரே பேசியதும் அவர் ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இனி என்னத்துக்கு, தம்பி. இளம் பிள்ளையள் பாடட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து கருவாட்டைத் திருப்பினார்.

தவக்காலம் வரட்டும், அப்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தவக்காலம் வருவதற்கு முதல் அவருக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பின்னேரங்களில் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து இரண்டு பேரும் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு நாளும் “கஞ்சி சூடாயிருக்கு, மாமி” என்றுதான் சொன்னேன். பத்தாம் நாள் காலையில் போய்விட்டார். அடக்கப் பூசைக்கு மைக் போட்டவனும் நான்தான்.

இந்த வருடப் பெரிய வெள்ளியில் மூன்று பெண்கள் சேர்ந்து மாதாவின் புலம்பலைப் பாடினார்கள். தாளைப் பார்த்து, கவனமாக, நன்றாகத்தான் பாடினார்கள். ஒரு சொல்கூட அறுபடவில்லை. வெளியே வந்ததும் பாதர் என் கையைப் பிடித்து, “இந்த முறை சவுண்ட் அந்தமாதிரி, திறம்!” என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடற்கரைப் பாதையால் வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி செய்ததை, முசலியில் கண்டதை, வந்து கள்ளனைப்போலத் திருத்தியதை, ஆஸ்பத்திரியில் வாய் வராததை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லது.

“அம்மாவுக்குத் தெரியும்” என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “புதுச் செட் போட்டு ரெண்டாம் வருசம், பெரிய வெள்ளி முடிஞ்சு ஒரு மாசத்தில விடத்தல்தீவில பெரியப்பா செத்தவர் எல்லே. நீங்கள் வேலை எண்டு வரேல்லை. அண்டைக்கு அம்மா, செத்தவீட்டில பாடலாம்தானே எண்டு, பிரேதத்துக்குப் பக்கத்தில இருந்து மாதா புலம்பலைப் பாடினவ. மைக் ஒண்டும் இல்லை. தெருவில போன சனம் எல்லாம் உள்ளுக்க வந்து நிண்டு அழுதது. அவவின்ர குரலுக்கு ஒண்டுமே நடக்கேல்லை. அது அவவுக்கும் விளங்கிட்டுது, எனக்கும் விளங்கிட்டுது.”

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“வரேக்க பஸ்ஸில என்ர கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினவ. தம்பியிட்டச் சொல்லாத, மனம் உடைஞ்சுபோவார் எண்டு.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்கள் முசலியால வந்து, பாடுங்கோ எண்டு கேட்ட அண்டைக்கு நான் சொன்னனான், அவர் திருத்திப்போட்டார் போல, இனிப் பாடுங்கோவனம்மா எண்டு. அதுக்கு அவ, ‘இப்ப நான் போய் நல்லாப் பாடினால், இவ்வளவு நாளும் பிழை பெட்டியிலதான் இருந்தது எண்டு சனம் கண்டுபிடிச்சிடும் பிள்ளை. நான் பாடாமலே இருக்கிறன்’ எண்டவ.”