நான் இழுத்த இளங்கொடி

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மாரிகாலம். அச்சுவேலிக்குப் பக்கத்தில், எங்கள் வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய மாட்டுக்கொட்டிலில் நடந்தது. எங்கள் பசு சிவப்பி விடிய ஆறு மணிக்குக் கன்று போட்டாள். பெண் கன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கன்றுக்குப் பின்னால் வரவேண்டிய இளங்கொடி மட்டும் மத்தியானமாகியும் பாதி வெளியே, பாதி உள்ளே என்று தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இளங்கொடியை உமல் என்கிற பனையோலைப் பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய் இழுத்தாலோ மாடே தின்றாலோ பால் வற்றிப்போகும் என்பார்கள். அன்றைக்குப் பார்த்து இரண்டு நாய்கள் கொட்டில் வாசலில் வந்து குந்திவிட்டன. என் கணவரோ தோட்டத்தில். நானோ அடுப்பில் சோறு வேகுமுன்னே மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். வாளித் தண்ணீரில் கையை ஒருமுறை அலம்பினேன். காப்பைக்கூடக் கழற்றவில்லை. கையை உள்ளே விட்டு இழுத்தேன். சிவப்பி முதுகை வளைத்து முக்கினாள். நானும் விடவில்லை. கொடி வந்தது. அடிப்பக்கம் கிழிந்திருந்ததைக் கண்டும் காணாதமாதிரி உமலுக்குள் திணித்துக் கட்டினேன்.

மூன்றாம் நாள் சிவப்பி தீனில் வாய் வைக்கவில்லை. பூவரசங்குழை என்றால் கயிற்றை அறுத்துக்கொண்டு வருகிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பு கொதித்தது. பால் பாதியாகக் குறைந்தது. மாட்டு டொக்டரைக் கூப்பிட்டோம். என் மகள் வயதில் ஒரு பெண். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் மடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அன்ரி, கொடி தானா விழுந்ததோ, இழுத்தனீங்களோ?"

"தானாத்தான் விழுந்தது. முழுசா விழுந்தது. உமலிலை கட்டினதே நான்தான்."

எப்படி அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரில் மாட்டு விஷயம் தெரிந்தவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரைச் சின்னப் பெண் முன்னால் விட மனம் வரவில்லை. அவள் என் பேச்சை நம்பி, காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, நாற்றம் ஏதும் வந்தால் உடனே சொல்லச் சொல்லிப் போனாள்.

மறுநாள் விடிய, கொட்டிலுக்குப் பத்தடி தூரத்திலேயே மூக்கைப் பொத்தவேண்டியிருந்தது. வாலடியில் செங்கபிலமாய்த் தண்ணீர்போல வடிந்துகொண்டிருந்தது. சிவப்பி எழும்ப மனமில்லாமல் படுத்திருந்தாள். தொலைபேசியை எடுத்து, "பிள்ளை, நான் நேற்றுப் பொய் சொல்லிப்போட்டன். நான்தான் இழுத்தனான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அரைமணி நேரத்தில் வந்தாள். தோள்வரை நீண்ட கையுறை போட்டுச் சோதித்தாள். நான் பிசைந்து நின்ற வெறுங்கைகளையும் காப்பையும் ஒருமுறை பார்த்தாள். அது போதுமாயிருந்தது எனக்கு.

"கன்று போட்டவுடனை கருப்பை வாசல் திறந்துதான் கிடக்கும் அன்ரி. கிருமி கொஞ்சம் உள்ளை போறதுதான். சுகமான மாடு தானாக் கழிச்சுப்போடும். இழுத்ததிலை உள்ளை புண்பட்டு, கொடித் துண்டும் அழுகிக் கிடக்கு. கிருமிக்கு இதைவிட என்ன வேணும்? கருப்பை முழுக்க அழற்சி."

"அப்ப அந்தத் துண்டை எடுத்துவிடும் பிள்ளை."

"நானும் இழுக்கமாட்டன். கிருமிக்கு மருந்து போடுவம். துண்டு தானா வெளியிலை வரட்டும். நேற்றே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம்."

அன்று பின்னேரம் இறைச்சிக்கு மாடு வாங்குகிறவர் வீட்டு ஒழுங்கை வழியாக வந்தார். உவருக்கு மட்டும் எப்படித்தான் மணக்கிறதோ! என் கணவரும் தளர்ந்துபோய், "இஞ்சரும், பிழைச்சாலும் இனிச் சினை பிடிக்குமோ தெரியாது. குடுத்துவிடுவமே?" என்றார்.

"நான் கெடுத்த மாடு. நான்தான் எழுப்புவன். எழும்பாட்டிப் பிறகு கதையுங்கோ" என்று படலையைச் சாத்தினேன். வந்தவர் போய்விட்டார்.

காப்பைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் ஈர வைக்கோலை அள்ளி எறிந்து காய்ந்ததைப் பரப்பினேன். கொதித்தாறிய தண்ணீரால் வாலடியைக் கழுவினேன். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் கலண்டரில் எழுதினேன். டொக்டர் சொன்ன நாள் முடியும்வரை, உடம்பிலிருந்து மருந்து இறங்கிய பாலைக் கிடங்கு வெட்டி ஊற்றினேன். வெள்ளையாய் மண்ணுக்குள் போவதைப் பார்க்க நெஞ்சு எரிந்தது. ஆனாலும் ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. அழுகிய துண்டு தானாக வெளியில் வந்தது. மருந்து தொடங்கி ஐந்தாம் நாள் சிவப்பி என் கையிலிருந்த பூவரசங்குழையைப் பறித்துத் தின்றாள். நான் கொட்டிலுக்குள்ளேயே குந்தியிருந்து அழுதேன்.

அதோடு முடியவில்லை. ஆறு கிழமை கழித்துச் சோதித்தபோதும் உள்ளே கொஞ்சம் சீழ் இருந்தது. திரும்பவும் மருந்து. பருவத்துக்கு வந்தபோது சினை ஊசி போடவேண்டாம், அடுத்த முறை பார்ப்போம் என்றாள் டொக்டர். பொறுத்தேன். அடுத்த முறை வடிந்தது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அந்த முறை போட்ட ஊசியில் சினை பிடித்தது.

இந்த வருடம் சிவப்பி மறுபடி கன்று போட்டாள். இளங்கொடி மறுபடியும் தொங்கியது. நாய்களைக் கட்டிப்போடச் சொல்லி அயலுக்குச் சொல்லிவிட்டு, ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். பின்னேரம் மூன்று மணிக்குத் தானாக விழுந்தது. விரித்துப் பார்த்தேன், கிழிசல் இல்லை. உமலில் கட்டி ஆலமரத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே பழைய உமல் உக்கிப்போய் இன்னும் தொங்கியது. முழுசாக விழுந்தது என்று நான் சொன்ன கொடி, குறையாக அதற்குள்தான் அன்று போனது. இப்போது ஊரில் யாருடைய மாடு கன்று போட்டாலும் நான் போய் முதலில் சொல்வது அன்று டொக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிவப்பி இழந்த அந்த ஒரு நாளை இன்னொரு மாடு இழப்பதைவிட என் வெட்கம் பெரிதில்லை.