கைருன்னிசா வீட்டு மேற்கு ஜன்னல்

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரன் எவனும் கைருன்னிசா அக்காவை ஏமாற்றிவிட்டுப் போனது கிடையாது. அவள் வாசலுக்கு வரவே மாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். தராசுத் தட்டுக்கு அடியில் அவன் விரலை வைத்தால் உள்ளே இருந்தே சத்தம் வரும், எடுடா கையை என்று. முப்பத்தாறு வருசம் கீரை, மீன், புளி, ஊர்க்கதை எல்லாம் அவளுக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. கம்பம் பஸ் லேட் என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

நான் எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரி. கடை வைத்து இருபத்தாறு வருசம். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பேர். தொழிலில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. எவ்வளவு பெரிய கடைத் துணியாக இருந்தாலும் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் மெஷினில் வைக்க மாட்டேன். அக்காவின் ரவிக்கை முதல் தலையணை உறை வரைக்கும் நான் தைத்ததுதான். மற்றவள் தைத்தால் அவளுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

அவள் வீட்டுக்காரர் சிக்கந்தர் அண்ணன் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். போன மாசியில் ஒருநாள் காலையில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அன்றிலிருந்து அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். புருசன் போனால் அவர்கள் சனத்தில் நாலு மாசம் பத்து நாள் பெண்டுகள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள், அந்நிய ஆண் கண்ணிலும் பட மாட்டார்கள். முன்னறை ஜன்னல் பலகை ரெண்டையும் அடைத்தார்கள். பெண்டுகள் போகலாம், நான் தினம் போனேன். மூன்றாம் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இனி அவுகளுக்குன்னு நான் செய்யக்கூடியது இது ஒண்ணுதான் மாரி. இதப் பழுதில்லாம முடிச்சுப்புடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

பங்குனி எப்படியோ ஓடியது. சித்திரை விடவில்லை. வீடு மேற்குப் பார்த்தது, எழுபது வருசத்துக் கட்டடம். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ஜன்னலில் விழும் வெயில் ஆறரை வரைக்கும் நகராது. தேக்குப் பலகைதான், ஆனால் வளைந்து போய் இடுக்கெல்லாம் விரல் நுழைகிற மாதிரி இருந்தது. ஒருநாள் நான் போனபோது அக்கா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினோம். பிரஷர்காரியை இப்படி அடுப்புக்குள் வைத்திருக்கிறீர்களே என்று டாக்டரம்மா திட்டிவிட்டுப் போனார்.

கம்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மகன் சலீம் மறுநாளே ஏ.சி. வாங்கி மாட்டினான். அது ராத்திரி பகலாக உறுமியதே தவிர அறை குளிரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் இடுக்கில் பிடித்தான். புகை வெளியே ஓடியது. "கூலிங் பூராம் தெருவுக்குத்தான் போகுது. முதல்ல ஜன்னல மாத்துங்க" என்றான்.

சலீம் ஒரேயடியாகச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றான். ஆம்பளை புத்தி. மருமகள் பாஜிலாதான் மாமி செத்துப்போவாக என்று தடுத்தாள். கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவளுக்கு மூன்று விசயம் வேண்டும். வெக்கை உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கிற ஆள் வெளியே தெரியக்கூடாது, அவளுக்குத் தெரு தெரியணும். நான் போகக்கூடாது, எனக்குப் பதிலா ஒங் கண்ணு போகட்டும் என்று என்னைத் தேனிக்கு அனுப்பினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஜிலாவைக் கூட்டிக்கொண்டு ஜன்னல் கடைக்குப் போனேன். அங்கே விஜய்ராஜ் என்று ஒரு பையன், நல்லாப் பேசினான். கண்ணாடித் துண்டுகளை வரிசையாக நிறுத்திப் பின்னால் ஹீட்டரைப் போட்டு, இந்தப் பக்கம் கையை வைக்கச் சொன்னான். சாதாரணக் கண்ணாடியில் பத்து எண்ணுவதற்குள் கை பொசுக்கியது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து ஒட்டியதில் வெதுவெதுப்பு. அதிலேயே வெளிக் கண்ணாடிக்குப் பாதரசம் பூசினாற்போல இருந்த இன்னொன்றில் ஒன்றுமே தெரியவில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். சட்டம் மரம் வேண்டாம், யு.பி.வி.சி. பிளாஸ்டிக் போதும், கறையான் ஏறாது என்றான். நகர்த்தித் திறக்கிற மாடல் விலை குறைவு. ஆனால் அதன் ஓரத்தில் இடுக்கை அடைக்க பிரஷ் மாதிரி நார்தான் இருந்தது. ஆடிக்காத்துக்கு இது நிற்குமா என்று அவனிடம் சண்டை பிடித்து, ரப்பர் வைத்து இறுக மூடுகிற கதவு மாடலை எடுத்தேன். சட்டத்தின் மூலையை நகத்தால் கீறிக்கூடப் பார்த்தேன்.

வெளியே இருந்து ஆள் தெரியுமா என்று கேட்டேன். "நீங்களே பாத்துக்கங்கக்கா" என்று என்னை வாசலுக்கு அனுப்பினான். உச்சி வெயில். கண்ணாடியில் என் மூஞ்சியும் பின்னால் நின்ற ஆட்டோவும்தான் தெரிந்தது. உள்ளே பாஜிலா நின்று ரெண்டு கையையும் ஆட்டினாளாம், எனக்கு நிழல்கூடத் தெரியவில்லை. அப்போதே ஆர்டர் கொடுக்கச் சொன்னேன். தேனியிலிருந்து பஸ்ஸில் வரும்போது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வைகாசியில் வந்து மாட்டினார்கள். வேலை முடியும் வரைக்கும் அக்கா பின்கட்டில் இருந்தாள். ஆட்கள் போனதும் நானும் பாஜிலாவும் அவளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். மூன்று மாசம் கழித்துத் தெருவைப் பார்த்தாள். அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. முத்துப்பாண்டி டீக்கடைக்குப் புதுக் கூரை போட்டிருக்கான், அங்கன நிக்கிற வண்டி யாருது, அந்தப் பிள்ளை இவ்வளவு வளர்ந்திருச்சா. மூணு மணி வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. "ஒங் கண்ணுக்குச் சுத்திப் போடணும்டி" என்றாள்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தேன். எதிர் வீட்டில் டியூப் லைட் எரிந்தது. அக்கா முக்காடு இல்லாமல், நரைத்த முடியை விரித்துவிட்டு, சிக்கந்தர் அண்ணன் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பட்டனும் தெரிந்தது. அவள் வாய் முணுமுணுப்பதுகூடத் தெரிந்தது. வெளியே வெளிச்சம் இருந்தால் அந்தக் கண்ணாடி உள்ளே இருப்பவளை மறைக்கும், உள்ளே வெளிச்சம் வந்துவிட்டால் அவளைக் காட்டும். வாழ்நாளில் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் நான் வாங்கிய ஒரே சரக்கு அதுதான்.

உடனே ஓடியிருக்க வேண்டும். முப்பது அடித் தெரு. ஓடவில்லை. எப்படிச் சொல்வது என்று பயந்தேன். அதைவிட, நீ பார்த்து எடுத்ததுதானே என்று கேட்பாளே என்று பயந்தேன். விடிந்ததும் பேசாமல் ஒரு திரையைத் தைத்து மாட்டிவிட்டால் போச்சு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கெட்டித் துணியில் பச்சைத் திரை தைத்து எடுத்துப் போனேன். அக்கா தொடக்கூட இல்லை. மூணு மாசம் இருட்டில் கிடந்தவளுக்கு எதுக்குடி திரை, எடுத்துட்டுப் போ என்றாள். இன்னொன்றும் சொன்னாள். சாயங்காலம் ஆனால் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியுது, தெரு தெரிய மாட்டேங்குது, அதுதான் ஒரு குறை என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொசு வரும், சாயங்காலம் லைட்டைப் போடாதீக என்று உளறிவிட்டு வந்தேன். கண்ணாடி மூடித்தானே கிடக்கு, கொசு எங்கிட்டு வரும் என்று அவள் சிரித்தாள்.

சலீம் கடையைச் சாத்திவிட்டு வீடு வரும்போது அவள் லைட்டை அணைத்துப் படுத்திருப்பாள். அந்த நேரத்தில் பாஜிலாவும் தெருப் பெண்டுகளும் அடுப்படியில் இருப்பார்கள். தெரு ஆம்பளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தியில் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வருகிறவர்கள் என் கடைப் பக்கமாக ஒதுங்கித் தலையைக் குனிந்து போனார்கள். மூன்றாம் நாள் என் வரிசையில் இருக்கும் முத்துப்பாண்டி தன் கடை பெஞ்சைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பளை போய்ச் சொன்னால் பார்த்தேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாயைத் திறக்கக் கூடியவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ஊர் வம்புக்கெல்லாம் நீளுகிற இந்த வாய் அன்றைக்குப் பார்த்துத் தைத்துக்கொண்டது.

அந்த பெஞ்சுதான் காட்டிக்கொடுத்தது. முத்துப்பாண்டி எதுக்கு பெஞ்சைத் திருப்பிப் போட்டிருக்கான் என்று அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள். காலை வெயில் மூஞ்சியில் அடிக்குதுன்னுதான் என்றேன். மீன்காரன் விரலைப் பார்த்தவளுக்கு என் முகத்தைப் பார்க்கத் தெரியாதா. சாயங்காலம் வெயில் அந்தக் கடைக்கு முதுகுப் பக்கம் போய்விடும், அப்போதும் பெஞ்சு அப்படியேதான் கிடக்கிறது என்று அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரம் லைட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பாஜிலாவைத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாளாம். பாஜிலா திரும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். உடனே எனக்கு ஆள் வந்தது. நான் அந்தப் பச்சைத் திரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் சிக்கந்தர் அண்ணன் வேட்டியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"மாட்டுன அன்னைக்கே தெரியும்க்கா."

"பதினோரு நாள்" என்றாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன், அதைத் தாங்கியிருப்பேன். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் இத்தனை வருசத்தில் என் முன்னால் அவள் முக்காடு போட்டது அன்றைக்குத்தான். திரையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மிச்சம் இருபத்தொன்பது நாளும் அந்த வேட்டி ஜன்னலை விட்டு இறங்கவில்லை. என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆனி முடியும்போது இத்தா முடிந்தது. தெருப் பெண்டுகள் எல்லாம் போய்ப் பார்த்தார்கள். நான் கடையிலேயே மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா வெள்ளைச் சேலையோடு தெருவில் இறங்கினாள். நேரே டீக்கடைக்குத்தான் போனாள். "தம்பி, பெஞ்சத் திருப்பிப் போட்டுக்கப்பா" என்று முத்துப்பாண்டியிடம் சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிப் போட்டான். பிறகு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். எழுந்து தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். மன்னிச்சிருங்கக்கா என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியாம நடந்தது ஒங்க மேல குத்தமாகாதுன்னு பள்ளிவாசல் அஜரத் சொல்லி விட்டாக. மனசு கொஞ்சம் ஆறிருச்சு" என்றாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத்தேன் தெரியாது. ஒனக்குத் தெரியுமே மாரி."

அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது ஆடி. காத்து தெருவைப் பிய்த்துக்கொண்டு போகிறது, அந்த ஜன்னல் அசையவில்லை. வெயிலும் உள்ளே போவதில்லை, கரண்டு பில் பாதியாகிவிட்டதாகச் சலீம் எல்லோரிடமும் சொல்கிறான். நல்ல ஜன்னல்தான், அதில் நான் தப்பு சொல்ல மாட்டேன். அக்கா மறுபடி மீன்காரனை விரட்டுகிறாள். என்னைப் பார்த்தால் சாப்பிட்டியா என்று கேட்கிறாள், அதற்குக் குறைச்சல் இல்லை. ஆறரை ஆனதும் லைட்டைப் போடும் முன்னால் எழுந்து வந்து திரையை இழுத்துவிடுகிறாள். பழுப்பு நிறத் திரை. பைபாஸில் புதிதாகக் கடை போட்டவளிடம் கொடுத்துத் தைத்தது. கீழ் மடிப்பு ஒரு பக்கம் ரெண்டு விரல் இறங்கியிருக்கிறது. என் இடத்தில் உட்கார்ந்தால் அது நேராகக் கண்ணில் படும். தினமும் பார்க்கிறேன்.