குழந்தைவேல் நிற்கும் வரப்புகள்

பண்டசோழநல்லூர் குழந்தைவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்கு வருடங்களாக இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. சித்திரை வெயிலிலும் பாதங்கள் சில்லென்றிருக்கும். உப்பைக் குறைத்தார், கரும்பு வெட்டப் போவதை நிறுத்தினார். தினமும் காலையில் தன் ஒரு காணி நெல்லைப் போய்ப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

இந்த வருடம் நூறடி நடந்தாலே கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. கொஞ்சம் நின்றால் வலி விட்டுவிடும். யார் வரப்பில் வலி வருகிறதோ அங்கேயே நின்று, பயிரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். காலும் போய்விட்டது என்று மனைவி மஞ்சுளாவுக்குத் தெரிந்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவாள் என்று பயம். இதயத்துக்காக மருத்துவமனையில் படுத்திருந்து திரும்பிய அன்றே அவள் அந்தப் பேச்சை எடுத்திருந்தாள்.

கார்த்திகையில், வழியில் இருந்த பச்சையப்பனின் வயல் திட்டுத்திட்டாகக் காய ஆரம்பித்தது. ஒருநாள் குழந்தைவேலும் மஞ்சுளாவும் வயலுக்குப் போகும்போது பச்சையப்பன் மறித்துக்கொண்டார்.

“இன்னாபா, தெனம் என் கழனியண்டயே நின்னு நின்னு பாக்கற? உன் கண்ணு பட்டுத்தான் எல்லாம் கருவுது.”

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். கால்வலி வெளியே தெரிவதைவிட, கண் வைத்தவன் என்ற பெயரோடு போகட்டும் என்றிருந்தார்.

“கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லண்ணா,” என்றாள் மஞ்சுளா. “காலுக்கு ரத்தம் சரியா போவல. அவரால ஒரேயடியா நடக்க முடியல. அதான் நின்னு நின்னு போறாரு.”

பச்சையப்பனின் குரல் இறங்கியது. “இத சொல்றதுக்கு இன்னாபா? சரி, இவ்ளோ நாளு பாத்தியே, பயிருக்கு இன்னாதான் நோவு?”

“புகையான். தூர்ல பூச்சி அடையா கீது. மொதல்ல தண்ணிய வடி.”

“அடப்பாவி! எப்பலேர்ந்து தெரியும்?”

“நாலு நாளா. சொன்னா, ஏன் நின்னன்னு கேப்பியே.”

பச்சையப்பன் திட்டிக்கொண்டே மடையை வெட்ட ஓடினார்.

குழந்தைவேல் மெதுவாகக் கேட்டார். “அப்ப, குத்தகைக்கு வுட்டுடுவியா?”

“நீ நின்னு நின்னு போறத பாத்துட்டு, போன மாசமே டாக்டர கேட்டுட்டேன். நடக்காமதான் இருக்கக்கூடாதாம். வலிச்சா நிக்கணும், வலி வுட்டா நடக்கணுமாம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ சொன்னியா?”

அவர் தோளிலிருந்த மண்வெட்டியை மஞ்சுளா வாங்கிக்கொண்டாள்.

“அறுப்பு முடிஞ்சதும் உளுந்து போடலாம்,” என்றாள். “கூட நின்னு பாத்துக்க ஆளு வேணும். மெதுவா வா.”