ஒன்பது ஃபோல்டருக்குள்

ஒரு பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்தால் அது தொலைந்ததற்குச் சமமாகிவிடும்? பீரோ இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர் வாழ்ந்த விதம்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பீரோ என்பது ஸ்டூடியோவில் அவருக்கு விழுந்த பெயர். ஸ்டூடியோ அக்காள் கணவருடையது. மச்சான் படம் எடுப்பார். பீரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பருவை நீக்கி, கண்ணுக்குக் கீழே விழும் நிழலைத் துடைத்து, எல்லாவற்றையும் அடுக்கி வைப்பார். பதினோரு வருடமாக இதே வேலை. பெரிய கைகாரர் என்று சொல்ல முடியாது. அவர் சரிசெய்த முகங்கள் எல்லாம் லேசாக மாவு பூசியதுபோல் இருக்கும். ஆனால் அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘மதியம் எடுத்தவை’, அதற்குள் ‘மாப்பிள்ளையும் பெண்ணும்’, அதற்குள் ‘கண் மூடியவை’, அதற்குள்ளும் ‘ஒருவர் மட்டும்’, ‘இருவரும்’ என்று இரண்டு.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு நர்ஸ் வந்தாள். ஆறு வருடத்துக்கு முன்பு பதிவு அலுவலகத்தில் நடந்த அவள் திருமணத்தை மச்சான்தான் படம் எடுத்திருந்தார். கணவன் இப்போது வெளிநாட்டில். அவனிடம் போய்ச்சேர விசா வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்காணல். நடந்தது உண்மையான திருமணம்தான் என்று காட்டப் படங்கள் கேட்டிருந்தார்கள். அவளிடம் இருந்தவை பழைய போனோடு போய்விட்டன.

“இருக்குமாண்ணே?”

“இங்க வந்தது எதுவும் வெளிய போகாதும்மா.”

பீரோ தேடினார். இருநூற்றுப் பதினான்கு படங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைச் சொடுக்கினார். ‘இந்தக் கோப்பைக் காணவில்லை’ என்றது எடிட்டிங் சாஃப்ட்வேர், கண்ணெதிரே இருக்கிற கோப்பைப் பற்றி. அடுத்ததும் அப்படியே.

மச்சான் எழுந்து வந்தார். “அணைச்சுப் போடு.”

அணைத்துப் போட்டார். சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. மறுபடியும் காணவில்லை. நேற்று எடுத்த பாஸ்போர்ட் படம் மட்டும் சமர்த்தாகத் திறந்தது.

“அப்ப சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. படம்தான் செத்துப்போச்சு,” என்றார் மச்சான்.

நர்ஸ் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “வார்டுல ஒருத்தருக்கு மட்டும் வயித்துப்போக்குன்னா, அவர் மட்டும் என்ன சாப்பிட்டார்னு பாப்போம். திறக்கறது எங்கண்ணே இருக்கு? திறக்காதது எங்க இருக்கு?”

பாஸ்போர்ட் படம் வெளியிலேயே கிடந்தது. திருமணப் படங்கள் ஒன்பது ஃபோல்டருக்குள் இருந்தன. பீரோ அந்த ஒன்பது பெயர்களையும் ஒரே வரியாக எடுத்துப் பார்த்தார். வரி திரையைத் தாண்டிப் போயிற்று. ஒரு படத்துக்குப் போகும் வழியை இத்தனை எழுத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஓர் அளவு உண்டு. தாண்டினால் படம் இருக்கும், வழி இருக்காது. போன மாதம் வரை அளவுக்குள்தான் இருந்தது. போன மாதம் மச்சான் எதையோ தேடப் போய் உள்ளே கலைத்துவிட்டார். பீரோ எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஃபோல்டரின் பெயரை நீட்டி வைத்தார். அதை இப்போது மச்சான் சத்தமாக வாசித்தார்.

“‘திருமணங்கள், தயவுசெய்து இதை யாரும் தொட வேண்டாம், குறிப்பாக மச்சான்.’” கொஞ்சம் நிறுத்தினார். “ஏன் மாப்ளே, இத உங்க அக்காகிட்ட படிச்சுக் காட்டட்டுமா?”

“கமா வரைக்கும் அழிச்சிடறேன் மச்சான்.”

“எந்தக் கமா?”

பின்னாலிருந்து முதல் கமா வரைக்கும் அழித்தார். படம் திறந்தது.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிரித்த படங்களாக ஐந்து எடுத்தாள். பிறகு, “அது என்ன ஃபோல்டர்?” என்று கேட்டாள். ‘சண்டை போட்டதுபோல் இருப்பவை’ என்று எழுதியிருந்தது. பீரோ தயங்கித் திறந்தார். அலுவலகப் படியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போட்டதுபோல் இல்லண்ணே, போட்டோம். சாட்சிக்கு வரவேண்டியவர் வரல. யாரு அவருக்குச் சொல்லியிருக்கணும்னு ஒரே ரகளை. இதையும் சேத்துப் போடுங்க.”

“வேண்டாம்மா, ஆபீசர் தப்பா நினைப்பாரு.”

“எல்லாத்துலயும் பல்லக் காட்டிக்கிட்டே நின்னாதான் வாடகைப் புருஷன்னு நினைப்பாரு.”

ஆறு படங்களையும் உறையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து விசா கிடைத்துவிட்டது என்று போன் செய்தாள். அதிகாரி எந்தப் படத்தை நம்பினார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் பீரோ சாப்பிடப் போயிருந்தபோது மச்சான் உள்ளே போய்ப் பார்த்தார். மற்ற திருமணங்கள் எல்லாம் இருந்தபடியே இருந்தன. நர்ஸின் திருமணத்துக்குள் மட்டும் ஒரு ஃபோல்டர்கூட இல்லை. சிரித்தவை, கண் மூடியவை, முகம் திருப்பியவை என்று இருநூற்றுப் பதினான்கும் எடுத்த வரிசையில் ஒன்றாகக் கிடந்தன.

பீரோ திரும்பி வந்ததும், “இத மட்டும் ஏன் மாப்ளே இப்படிப் போட்ட?” என்று கேட்டார்.

பீரோ உட்கார்ந்தார். யாரோ ஒருவருடைய கன்னத்தைப் பெரிதாக்கி, பருவைத் தேட ஆரம்பித்தார்.