துப்பாக்கியில் உட்கார்ந்த கிளி

செம்பூரில் மகன் வாங்கிய புது வீட்டுக்குத் தாராவியிலிருந்து சாமான் ஏற்றிய அன்று, துப்பாக்கியை மட்டும் நான் டெம்போவில் போட விடவில்லை. பழைய சேலையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். லிப்டுக்குள் ஏறியதும் சேலை நழுவிவிட்டது. உள்ளே நின்ற சொசைட்டி செக்ரட்டரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“மௌசி, யே க்யா ஹை?”

“பந்தூக்,” என்றேன். வேறென்ன சொல்ல?

சாயங்காலம் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நிஜத் துப்பாக்கி என்றால் லைசென்ஸைக் காட்டுங்கள், லைசென்ஸ் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள், பொம்மை என்றால் அதை எனக்கு நிரூபியுங்கள் என்று என் மகனிடம் கறாராகச் சொன்னார்.

எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. போலீசுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பொம்மை என்று எவன் சொல்வது? என் மாமனாரின் தாத்தா சிறுத்தையைச் சுட்டதற்கு ஜமீன்தார் கொடுத்த பரிசு அது. நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த அன்றே மாமியார் சுவரைக் காட்டிச் சொன்ன சேதி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் வீட்டுக்காரர் தன் ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் முன்னால் அதைத்தான் முதல் ஆளாக நிறுத்துவார். சந்தனமும் குங்குமமும் நான் வைப்பேன். பழைய பொட்டைக் கலைக்கக் கூடாது, அதன் மேலேயே புதுப் பொட்டு வைக்க வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். எங்கள் சந்தில் மெஷின் இல்லாத வீடு குறைவு. துப்பாக்கி உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான்.

மகன் அதைப் போட்டோ எடுத்து, கோட்டைப் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பினான். முத்திரை எங்கே, சந்தனம்தான் தெரிகிறது என்று பதில் வந்தது.

“ஏம்மா, இத்தன வருசத்துல ஒரு தடவகூடக் கழுவலியா?”

“ஏலே, பாட்டி கலைக்கக் கூடாதுன்னு சொன்னத நான் கலைப்பனாலே?”

சொல்லிவிட்டேனே தவிர, வேறு வழி தெரியவில்லை. மனசுக்குள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். மான்குர்த்திலிருந்து சாமான் அடுக்க வந்திருந்த என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். அடை அடையாகச் சந்தனம் கழன்று, இரும்புத் தகட்டில் ஒரு கிரீடமும் அதன் கீழே இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தன. துப்பாக்கிக் கட்டையின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டில் சின்னதாக ஒரு பறவை.

“கிரீடம் பாத்தியளா மைனி! எங்க பூட்டன் என்ன சாதாரண ஆளா?” என்று நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடி போட்டோ போனது. கடைக்காரர் போனிலேயே விளக்கினார். வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி என்றால் கிரீடம் ஒரே அடியில் அச்சாகப் பதிந்திருக்கும். இது புள்ளி புள்ளியாகக் கொத்தியது. பழைய துப்பாக்கி மாதிரி யாரோ செய்த நகல். யார் செய்தது என்று அந்தப் பறவையைத்தான் கேட்க வேண்டும்.

நான் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைந்த மூக்கு, தூக்கிய வால். இதை எனக்குத் தெரியும். எழுந்து போய், கட்டுப் பிரிக்காத சாக்கிலிருந்து என் கல்யாணக் குடத்தை இழுத்தேன். என் பேர் வெட்டியிருக்கும் இடத்தில், பேருக்குப் பின்னால் அதே கிளி. எனக்குப் படிப்பு அவ்வளவாக வராது. கோயில் கொடைக்குப் பாத்திரம் இரவல் போனால், கிளியைப் பார்த்துத்தான் என்னுடையதைத் திருப்பி எடுப்பேன்.

நாத்தனார் குடத்தைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள்.

“மைனி, சிறுத்தையச் சுட்ட துப்பாக்கியில கிளி எப்படி வந்து உக்காந்துச்சு?”

“ஒங்க பூட்டனத்தான் கேக்கணும்,” என்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் மகனோடு டாக்ஸியில் தாராவிக்குப் போனேன். என் குடத்துக்குப் பேர் வெட்டிய பாத்திரக் கடையில் இப்போது மெஷினில் வெட்டுகிறார்கள். முன்பு கையால் வெட்டியவர் உள்ளே காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். சேலையைப் பிரித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எம்மா, இது எங் கிளியில்லா! இன்னுமா வச்சிருக்கிய?”

சினிமா ஷூட்டிங்குக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவர் கேட்டதற்காக, பின் சந்து வெல்டிங் கடையில் தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்தார்களாம். ஏதோ படத்தைப் பார்த்துக் கிரீடமும் எழுத்தும் கொத்தியது இவர். எல்லாம் கொடுத்தது போக ஒன்று மிஞ்சிவிட்டது.

“கல்யாணப் பாத்திரத்துக்குப் பேரு வெட்ட வந்தாரு ஒங்க மாமனாரு. பொண்ணு வீட்டுக்காரவ பெரிய கை, நம்ம வீட்டுச் சுவரு வெறுஞ்சுவரா கெடக்கு, அவிய முன்னால கேவலமா இருக்கும், இதக் குடும்யானு வாங்கிட்டுப் போனாரு. ஒங்க குடத்துல போட்ட கிளியையே அதுக்கும் போட்டு விட்டேன்.”

மகன் என் முகத்தையே பார்த்தான், நான் அழுதுவிடுவேன் என்று. எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பம்பாயில் இருக்கிற ஒரு குடும்பம் அவருக்குப் பயந்து துப்பாக்கி வாங்கி மாட்டியிருக்கிறது! மாமியார் ஏன் பொட்டைக் கலைக்க விடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. மகராசி, கடைசி வரைக்கும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி வந்தார். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக் குழாய் வாயில் ஊற்றினேன். மருந்துக்கு நெருப்பு வைக்கிற துளையில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. துளையே பாதியில் நின்றிருந்தது. அவர் குச்சி விட்டுக் குத்திப் பார்த்தார். குழாயின் அடி வெல்டிங் வைத்து அடைத்திருந்தது.

“நக்லி ஹை, மௌசி!” என்று, போலிதான் என்ற நிம்மதியில் சிரித்தார். நன்றாகச் சிரிக்கட்டும். ஹாலில் ஆணி அடிக்க ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

“இனிமே சிறுத்தக் கதைய என்ன மைனி செய்ய?” என்று நாத்தனார் கேட்டாள்.

“அத நீ வச்சுக்கோ. எனக்கு இதுவே போதும்.”

இந்த ஆயுத பூஜைக்குப் புளி போட்டு நன்றாக விளக்கினேன். பொட்டைக் கட்டையின் நடுவில் வைத்தேன். கிளி மேல் படவில்லை. பார்க்க வருகிறவர்கள் இது யார் துப்பாக்கி என்று கேட்டால், சமையல்கட்டிலிருந்தே சத்தம் கொடுக்கிறேன்: “என்னைப் பாத்துப் பயந்து வாங்குனது!”