சவுக்குத் தோப்பு இருந்த படம்

செயற்கைக்கோள் படத்தில் பச்சை மரம் சிவப்பாகத் தெரியும். சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த எனக்கு அந்தச் சிவப்புதான் சோறு போட்டது. சுனாமிக்குச் சில மாதங்கள் முந்தைய படம் ஒன்று, பிந்தையது ஒன்று. இரண்டையும் கணினியில் ஒப்பிட்டு, கடலூர்க் கரையில் எங்கெல்லாம் சிவப்பு போயிருக்கிறதோ அங்கெல்லாம் 'அலையால் அழிந்தது' என்று நிறம் தீட்டினேன். தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டுச் சவுக்குத் தோப்புக்கும் அதே நிறம்தான். நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அதுதான் இந்த வேலையின் முதல் பாடம். எனக்கோ அங்கே போகக் கால் வரவில்லை. அக்கா வீட்டுக்காரரை, என் மாமாவை, அலை கொண்டுபோன இடம் அது.

ஒருநாள் அக்காவே பஸ் ஏறி வந்துவிட்டாள். வழியில் சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்க மாமா போட்டோ ஒண்ணுகூட மிஞ்சலடா. வீட்டையாச்சும் காட்டு."

அவ்வளவு சின்ன வீடு இதில் விழாது என்று சொல்லித் தோப்பைக் காட்டினேன். அடுத்த படத்தில் அது இல்லை. "அலை தொடைச்சிட்டுப் போயிடுச்சுக்கா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"ஐயய்ய, அலை எங்கடா எடுத்துச்சு? அதுக்கு முந்தின மாசமே உங்க மாமா வெட்டிட்டாரு. சமையக் கொட்டாய்க்குக் கழி வேணும்னு நாந்தான் அவரு உசுர வாங்குனேன்."

சொன்னவள் விரல் பக்கத்துத் தோப்பின் மேல் போய் நின்றது. அது இரண்டு படத்திலும் சிவப்பு.

"இதுக்குப் பின்னாடி இருந்தவுங்க பொழச்சிட்டாங்க. நம்மளதையும் விட்டிருந்தா, அவரு இருந்திருப்பாராடா?"

"அதையும் புடுங்கியிருக்கும்க்கா."

"பொய் சொல்லாத."

பொய்யா, நிஜமா, எனக்கே தெரியாது. ஒரு தோப்பு எவ்வளவு அலையைத் தாங்கும் என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்தபின் முந்தைய படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள்.

"இது எடுத்தப்ப அவரு இருந்தாருல்ல? எத்தினி மணி?"

"காலையில பத்தரை இருக்கும்."

"அந்நேரம் தோப்பு நெழல்லதான் வலை தைச்சிக்கிட்டு இருப்பாரு" என்று சொல்லி, படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, தோப்பின் நிறத்தை 'மனிதர் வெட்டியது' என்று மாற்றினேன். பிறகு பழைய படத்தைத் திறந்து அந்தச் சிவப்பைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வெறும் கட்டங்கள். ஆள் தெரியாது என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறவன் நான். இருந்தும் மாமாவைத் தேடினேன்.